ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

ஒளிப்படத்தைச் சிறிதாக்கி அனுப்பும் வழக்கம் கணினி வருவதற்கு மிக முன்பே தொடங்கிவிட்டது. வேம்பார் முதல் மணப்பாடு வரை நீளும் பழைய முத்துக்குளித்துறையில் படம் என்பது சுவரில் மாட்டுவதற்கு மட்டுமல்ல, ஊர்விட்டு ஊர் போவதற்கும் எடுக்கப்பட்டது. கொழும்புக் கடைக்குப் போனவருக்கும் கப்பல் வேலைக்குப் போனவருக்கும் அஞ்சல் உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டிய பொருள் அது. ஆகவே படம் எவ்வளவு பெரியது என்பதை, பார்ப்பவரின் ஆசையைவிட அதைச் சுமந்து சென்ற உறையும் அட்டையும் தொலைபேசிக் கம்பியும் விண்ணப்பப் படிவமுமே முடிவு செய்தன.

விளாத்திகுளம் வட்டத்தில், தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது வேம்பார். பரதவரின் ஏழு கடல்துறை ஊர்களை வடக்கிலிருந்து எண்ணினால் முதலில் வருவது இது, அடுத்தது வைப்பார். இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. குளிப்பு நடந்த காலத்தில் முத்தின் விலையைப் பேசுவதற்கு முன் அளவைப் பிரிப்பார்கள். துளையிட்ட பித்தளைத் தட்டுகள் வரிசையாக இருக்கும். 20 துளை கொண்டதில் பெரிய முத்து தங்கும், 1000 துளை கொண்டது வரை இறங்க இறங்கப் பொடி முத்து தங்கும். தட்டு எந்த முத்தையும் மாற்றுவதில்லை, பிரிக்க மட்டுமே செய்கிறது. இன்றைய விண்ணப்பத் தளத்தின் படச் சல்லடை அப்படியல்ல. தன் துளைக்குள் நுழையும்படி படத்தையே வெட்டிக் குறைக்கச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் ஒளிப்படம் தொடங்கிய காலத்தில் சிறிதாக்கும் வழியே கிடையாது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் படம் எடுத்தபோது, ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் உள்ள மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். நெகட்டிவை உணர்தாளின் மேல் ஒட்டவைத்து வெயிலில் காட்டினால் அதே அளவில்தான் படம் விழும். பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமராவைத் தூக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைக் காட்ட அவர் 21 நெகட்டிவ்களை ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அஞ்சலில் போகக்கூடிய பொருளல்ல அது.

மாற்றம் பாரிஸிலிருந்து வந்தது. ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து வெட்டிக் கொடுக்கும் முறைக்கு டிஸ்தேரி என்பவர் 1854இல் காப்புரிமை வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை அங்குலத்துக்கு நான்கு அங்குல அட்டையில் ஒட்டிய அந்தப் படங்கள் முகவரி அட்டையைப் போல் கைமாறின. ஒரு தகட்டின் செலவு பல படங்களுக்குப் பகிர்ந்ததால் விலை இறங்கியது. சின்னதாக இருந்ததால் கடிதத்தோடு போனது. சிறிய படம் மலிவாகும், மலிவான படம் பரவும் என்ற கணக்கு அன்றே நிலைபெற்றுவிட்டது.

ஸ்டுடியோக்கள் பெருகியபின் அளவுகளுக்குப் பெயர் வந்தது. ஃபுல் பிளேட், ஆஃப் பிளேட், குவார்ட்டர் பிளேட் என்று தகட்டின் அளவையே மக்கள் படத்துக்கும் சொன்னார்கள். பிறகு போஸ்ட் கார்டு சைஸ், ஸ்டாம்ப் சைஸ், கலர் லேப் வந்தபின் மேக்ஸி சைஸ்.

இத்தகைய அளவுகளுள் மனித வாழ்க்கையில் அதிகம் குறுக்கிட்டது பாஸ்போர்ட் சைஸ். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் கொழும்பு என்பது தோணி ஏறிப் போய்வரும் அக்கரை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அமலுக்கு வந்தபின் அந்தப் பயணத்துக்குத் தாள்கள் தேவைப்பட்டன. தாள்களுக்கு முகம் தேவைப்பட்டது. மூன்றரைக்கு நான்கரை சென்டிமீட்டர் கட்டத்துக்குள் காது இரண்டும் தெரிய நேராகப் பார்க்கும் முகம். அதுவரை படம் எடுக்கப்படாதவர்களும் இந்தக் கட்டத்துக்காகவே முதன்முறையாகக் கேமரா முன் உட்கார்ந்தார்கள். 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் வாக்காளர்களுக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வேண்டும் என்று உத்தரவிட்டபின், கட்டம் இன்னும் சிறிதாகி ஏறத்தாழ எல்லார் கைக்கும் வந்தது.

கணினிக் காலத்தில் படத்தின் அளவு அங்குலத்திலிருந்து, கேபியிலும் எம்பியிலும் சொல்லும் கோப்பின் எடைக்கு மாறியது. இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பது ஒரு கணக்கு. அதன் வரலாற்றைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, படத் தகவலைச் சுருக்க ஒரு புதிய உருமாற்றத்தை ஆராய நிதி கேட்டு 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். யோசனை மிக எளிதாக இருக்கிறது என்று கருதப்பட்டு நிதி மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்ற கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து, டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற அந்த உருமாற்றத்தை 1974 ஜனவரியில் வெளியிட்டார். 1992இல் உலகத் தரமான ஜேபெக் அதன் மேல் கட்டப்பட்டது. இன்று ஒரு தேர்வு விண்ணப்பத்தில் ஏறும் முகமும் குடும்பக் குழுவில் வரும் பேரக்குழந்தைப் படமும் பெரும்பாலும் இந்த மூவரின் கணக்கு வழியாகவே போகின்றன.

கணக்கின் செயல் இப்படி. படம் 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். கட்டத்தின் 64 புள்ளிகளின் ஒளி அளவுகள், அதே எண்ணிக்கையுள்ள வேறு எண்களாக மாறும்: சில எண்கள் கட்டத்தின் பொதுவான வெளிச்சத்தையும் மெதுவான ஏற்ற இறக்கத்தையும் சொல்லும், மற்றவை மிக நுணுக்கமான மாற்றங்களைச் சொல்லும். மனிதக் கண் நுணுக்கத்தில் ஏற்படும் பிழையை எளிதில் கண்டுகொள்வதில்லை. எனவே அந்த எண்கள் முரட்டுத்தனமாக முழுமையாக்கப்படுகின்றன; பல பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களைச் சேமிக்க இடம் அதிகம் வேண்டியதில்லை. வானமும் கடலும் மணலும் உள்ள படம் நன்றாகச் சுருங்குவதும், வலைக் கண்ணியும் தென்னங்கீற்றும் நிறைந்த படம் சுருங்க மறுப்பதும் இதனால்தான்.

சுருக்கியே ஆக வேண்டிய கட்டாயமும் இருந்தது. அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசி வழி இணைப்பின் வேகம் நொடிக்கு 9,600 பிட். அந்தக் கம்பியில் 50 கேபி படம் போக 43 நொடி ஆகும். ஒரு எம்பி படத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த நெருக்கடிக்குள்ளேயே படம் உயிர் காக்கவும் பயன்பட்டது. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமத் தகவல் மையப் பணியாளர்கள் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட வங்கக்கடல் அலை வரைபடத்தை இறக்கி, அன்றைய அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். படத்தைச் சுருக்குவதில் இதைவிடத் துணிச்சலான முறை இல்லை: ஒரு வரைபடம் முழுவதும் கரையில் கேட்கும் ஒரு வாக்கியமாயிற்று. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல், சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பில் என்-லாக் நிறுவனத்தின் இணைய மையங்கள் இயங்கின. அங்கே மையத்தை நடத்தியவர், கண் நோயோடு வந்தவரின் கண்ணை வலைக்கேமராவில் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். மதுரைக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்பதை மருத்துவர் சொன்னார். இணைப்பின் வேகம் நொடிக்கு 35,000 பிட் அளவில்தான். கண்ணின் சிவப்பும் புரையும் தெரிய வேண்டும், படமும் போய்ச் சேர வேண்டும். சரியான அளவு என்பது இங்கே பயணச் செலவையும் பார்வையையும் தொட்ட விஷயம்.

வேகமாகச் சிறிதாக்கும் கருவிகள் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வந்தன. ஒருமுறை செய்த வேலையைப் பதிவு செய்து நூறு படங்களுக்குத் திருப்பிச் செய்யும் ‘ஆக்ஷன்’ வசதியை 1996இல் வந்த ஃபோட்டோஷாப் 4 கொடுத்தது. அதே ஆண்டு இர்ஃபான்வியூ இலவசமாக வந்தது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பல ஆண்டுகள் ஆட்சி செய்தது 2002இன் ஃபோட்டோஷாப் 7. ஒரு முகத்தைக் கட்டத்துக்கு வெட்டி, பின்னணியை மாற்றி, மேக்ஸி தாளில் எட்டுப் பிரதியாக அடுக்கும் வேலை அதில் ஒரே விசையில் முடிந்தது.

ஸ்டுடியோவிலிருந்து வேலை பிரவுசிங் சென்டருக்குப் போனது தேர்வு விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறியபோது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணைய விண்ணப்பத்தில் படம் 20 முதல் 50 கேபி வரை, கையொப்பம் 10 முதல் 20 கேபி வரை. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் பிக்சலையும் சொல்கிறது: படம் 200க்கு 230, கையொப்பம் 140க்கு 60.

கூட்டமான ஒரு கடைசி நாளில் பிரவுசிங் சென்டர் மேசையில் நடப்பது இதுதான். மாணவியின் செல்போனில் உள்ள படம் 4000க்கு 3000 பிக்சல், எடை நான்கு எம்பி. பழகிய கை முதலில் முகத்தை விகிதம் குலையாமல் வெட்டும், பிறகு பிக்சலைக் குறைக்கும், கடைசியாகத்தான் தரத்தைக் குறைக்கும் கோலைத் தொடும். 200க்கு 230 என்றால் 46,000 பிக்சல். சுருக்காத நிலையிலேயே 135 கேபிதான். அதை 45 கேபிக்குக் கொண்டுவர மூன்று மடங்கு சுருக்கினால் போதும், முகம் தெளிவாக நிற்கும். பழகாத கை பிக்சலை அப்படியே விட்டுத் தரத்தை மட்டும் இழுக்கும். நான்கு எம்பியை 50 கேபியாக்க எண்பது மடங்கு நசுக்க வேண்டியிருக்கும். முகம் கட்டம் கட்டமாக உடையும். அகலத்தை மட்டும் குறைத்து உயரத்தை விட்டால் முகம் ஒடுங்கி நீண்டு போகும். ஏற்கெனவே சுருங்கி வந்த படத்தை மறுபடி சுருக்கிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். கையொப்பத்தில் பிழை இன்னும் எளிது: முழு ஏ4 தாளையும் ஸ்கேன் செய்து சிறிதாக்கினால் மை ஒரு கீறலாகத்தான் தெரியும். முதலில் கையொப்பத்தைச் சுற்றி வெட்ட வேண்டும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கம்பியின் நெருக்கடி பெரும்பாலும் தீர்ந்தது. வாட்ஸ்அப் தானாகவே படத்தின் நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்து அனுப்புகிறது. 12 மெகாபிக்சல் படத்தில் ஆறில் ஒரு பங்குப் புள்ளிகள்கூட மிஞ்சுவதில்லை. 2023 ஆகஸ்டில் ‘ஹெச்டி’ தெரிவு சேர்ந்தது. அனுப்புகிறவர் எந்தக் கணக்கும் அறிய வேண்டியதில்லை, செயலியே சுருக்கிக்கொள்கிறது. விண்ணப்பத் தளங்கள் மட்டும் இந்த வேலையை இன்னும் விண்ணப்பதாரர் தலையில் வைத்திருப்பது நியாயமல்ல. பெரிய படத்தை வாங்கித் தாமே சிறிதாக்கிக்கொள்ளும் நிரல் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது. கடற்கரைக் கிராமத்துப் பெண் கணினி மையத்துக்குப் பேருந்து ஏறிப் பணம் கொடுத்துச் செய்யும் வேலையை ஒரு சர்வர் ஒரு நொடியில் செய்துவிடும்.

சிறிதாக்கக் கூடாத படங்களும் இந்தக் கரையில் உண்டு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய மூன்றும் வேம்பார்த் தீவுக்கூட்டம் எனப்படுகின்றன. 2010இலும் 2016இலும் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. பாறை எவ்வளவு வெளுத்தது, எவ்வளவு மீண்டது என்பதைப் படங்களில் ஒப்பிடுவதற்கு, ஜேபெக் முதலில் தூக்கியெறியும் அதே நுணுக்கம்தான் தேவை. வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய ஸ்டுடியோப் படங்களும் அப்படியே. அவற்றைச் செல்போனில் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் பாதுகாத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். குழுவில் இருப்பது குறுக்கிய பிரதி, இழந்த புள்ளிகளை அதிலிருந்து எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்காது. பழைய படத்தைக் குறைந்தது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முழு அளவுக் கோப்பை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். உறவினருக்கு அந்தக் கோப்பே வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். அந்த வழியில் அது சுருங்காது.