சொந்த ஊருக்காக ஒரு குத்து

1980 ஜூலை 8. செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனில், லாங் பார்க் மைதானம் நிரம்பி வழிகிறது. 33,000 பேருக்கு மேல் கூட்டம். ரக்பி லீக் ஆட்டம். குயின்ஸ்லாந்து வீரர் ஒருவரை எதிரணிக்காரர்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மிக் குரோனின். தூரத்திலிருந்து குயின்ஸ்லாந்து கேப்டன் ஓடி வருகிறார். 35 வயது. மலை மாதிரி உருவம். வந்த வேகத்தில் குரோனின்மீது கையை வீசுகிறார். குத்து!

ரக்பியில் அடிதடி ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அன்றைக்கு மொத்த மைதானமும் வாயைப் பிளந்தது. காரணம், குத்தியவரும் குத்து வாங்கியவரும் ஒரே கிளப்பில் சம்பளம் வாங்குகிறவர்கள். சிட்னியில் இருக்கும் பாரமட்டா கிளப். மறுவாரம் இருவரும் அதே கிளப்புக்குத்தான் திரும்பிப் போயாக வேண்டும்.

அந்தக் கேப்டன், ஆர்தர் பீட்சன். ஊர் மொத்தத்துக்கும் 'ஆர்ட்டி'.

அந்தக் குத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கதை இருக்கிறது. அதற்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1895-ல் இங்கிலாந்தின் வடக்குப் பகுதி கிளப்புகள், தாய்ச் சங்கத்தோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து உருவாக்கியதுதான் ரக்பி லீக். சண்டை எதற்காக? கூலிக்காக. சனிக்கிழமை ஆட வந்தால் சுரங்கத்திலும் மில்லிலும் அன்றைய கூலி போச்சு. அதை ஈடுகட்டப் பணம் கொடுங்கள் என்றார்கள். 'விளையாட்டுக்குக் காசா? சீச்சீ' என்றார்கள் பெரிய மனிதர்கள். பிரிந்துவிட்டார்கள். ஆக, பிறக்கும்போதே காசுப் பிரச்னையோடு பிறந்த ஆட்டம் இது.

அணிக்கு 13 பேர். அதில் 6 பேர் ஃபார்வர்ட். கால்பந்தில் ஃபார்வர்ட் என்றால் கோல் போட்டுக் கைதட்டல் வாங்குகிறவர். இங்கே அப்படியெல்லாம் இல்லை. மூட்டை தூக்குகிற வேலை. பந்தை வாங்கிக்கொண்டு எதிரே நிற்கும் சுவரில் நேராகப் போய் மோத வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கீழே தள்ளுவார்கள். எழுந்து, மறுபடி மோத வேண்டும். நாலு கஜம் முன்னேறினால் லாபம். புகழெல்லாம் பின்னால் நின்று ஓடுகிற பொடியன்களுக்கு.

பீட்சன் இந்த வேலையை வேறு மாதிரி செய்தார். அவரைப் பிடிக்க ஒருவர் போதாது. இரண்டு மூன்று பேர் வேண்டும். அத்தனை பேரும் தொங்கிக்கொண்டிருக்கும்போது, விழுவதற்கு முந்தைய அரை நொடியில், அந்தப் பெரிய கை மட்டும் கூட்டத்திலிருந்து வெளியே வரும். பந்தைப் பக்கத்து ஆளிடம் தட்டிவிடும். மூன்று பேர் இவரிடம் மாட்டிக்கொண்டதால் எதிரே வேலியில் ஓட்டை. பந்தை வாங்கியவன் அதில் புகுந்து ஓடிவிடுவான். முரட்டு உடம்பில் தையல்காரர் விரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1945-ல் குயின்ஸ்லாந்தின் ரோமா என்கிற சிற்றூரில் பிறந்தவர். அம்மா பழங்குடி இனத்தவர். ரெட்கிளிஃப் கிளப்புக்கு ஆடி, 1965-ல் பிரிஸ்பேன் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். 1966-ல் சிட்னியின் பால்மெய்ன் கிளப் அள்ளிக்கொண்டு போனது. அதே வருடம் ஆஸ்திரேலிய அணியிலும் இடம் கிடைத்தது.

அந்த வருடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். நாட்டின் ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடி மக்களைச் சேர்க்கக் கூடாது என்றொரு பிரிவு அப்போது ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தில் இருந்தது. அது நீங்கியது 1967-ல், பொது வாக்கெடுப்பு நடத்தி. பீட்சனுக்கு முன்பே, 1960-ல், லயனல் மோர்கன் என்ற பழங்குடி வீரர் தேசிய அணிக்கு ஆடியிருந்தார். ஆனால் கேப்டன்? அதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய விளையாட்டு எதிலும் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பழங்குடி வீரர், பீட்சன்.

ஆரம்பத்தில் மனிதருக்கு நல்ல பெயர் இருந்ததாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டுப் பிரியர். பயிற்சி என்றால் கசக்கும். 'பாதி ஆட்ட ஆர்ட்டி' என்று கிண்டல் செய்தார்கள். பாதி நேரம்தான் ஒழுங்காக ஆடுவார், மீதி நேரம் மூச்சு வாங்குவார் என்று அர்த்தம். 'மீட் பை ஆர்ட்டி' என்று இன்னொரு பட்டமும் உண்டு. கோபம் வேறு. 1969-ல் பால்மெய்ன் கோப்பையை வென்றபோது இவர் வேடிக்கைதான் பார்த்தார். முந்தைய ஆட்டத்தில் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, தடை வாங்கியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் கதை அதோடு முடிந்திருக்கும்.

1971-ல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்புக்கு மாறினார். அங்கே 1974-ல் கோச்சாக வந்தவர் ஜாக் கிப்சன். அதிகம் பேசாத, கறார் பேர்வழி. ஆர்ட்டி கேப்டன். 1974-ல் கோப்பை. 1975-ல் தொடர்ந்து 19 வெற்றிகள், இறுதிப் போட்டியில் செயின்ட் ஜார்ஜை 38-0 என்று துவைத்து, மறுபடி கோப்பை. பாதி ஆட்டம் என்று கிண்டல் செய்தவர்கள் சத்தத்தையே காணோம்.

இப்போது காசுக் கதைக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்கு எந்த விளையாட்டைப் பார்த்தாலும் கண் முதலில் கல்லாப்பெட்டி பக்கம்தான் போகும்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், 1956-ல் கிளப்புகளில் போக்கர் மெஷின் வைக்க அனுமதி கொடுத்தது. காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கிற சூதாட்ட மெஷின். ரக்பி கிளப்புகளின் மாடியில் பணம் கொட்டியது. குயின்ஸ்லாந்தில் 1990கள் வரை அந்த மெஷினுக்கு அனுமதி கிடையாது. விளைவு? பிரிஸ்பேனில் எவனாவது கொஞ்சம் நன்றாக ஆடினால் போதும். சிட்னியிலிருந்து செக் வந்துவிடும்.

போனால் போகட்டும். ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் விதி என்ன தெரியுமா? நீ எந்த மாநில கிளப்பில் ஆடுகிறாயோ, அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். அதாவது குயின்ஸ்லாந்து பெற்று வளர்த்த பிள்ளை, நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து குயின்ஸ்லாந்தையே அடித்துவிட்டுப் போவான். பீட்சனும் அதைத்தான் செய்தார். பல தடவை. 1959-க்குப் பிறகு ஒரு தொடரைக்கூட குயின்ஸ்லாந்து ஜெயிக்கவில்லை. ஜனங்கள் மைதானத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். முடிவு தெரிந்த படத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

குயின்ஸ்லாந்து சங்கத்தின் தலைவர் ரான் மெக்காலிஃப். செனட்டராகவும் இருந்தவர், அரசியல் தெரிந்த ஆள். பிறந்து வளர்ந்த மாநிலத்துக்கு ஆட விடுங்கள் என்றார். ஆஸ்திரேலியக் கால்பந்தில் 1977-லேயே பெர்த்தில் அதைச் செய்து காட்டியிருந்தார்கள். சிட்னியில் பலர் சிரித்தார்கள். வாராவாரம் தோளில் கை போட்டு ஆடுகிறவர்கள், ஒரு நாள் மட்டும் எதிரெதிரே நின்றால் ஒப்புக்குத்தான் ஆடுவார்கள், காட்சிப் போட்டியாகப் போய்விடும் என்று அவர்கள் நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்தான். யாராக இருந்தாலும் சம்பளம் கொடுப்பவனைப் பகைத்துக்கொள்ள யோசிப்பார்களே!

1980 தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் வழக்கம்போல நியூ சவுத் வேல்ஸ் ஜெயித்தாயிற்று. மூன்றாவது ஆட்டத்தால் இனி ஆவதொன்றுமில்லை. சரி, பரிசோதனை செய்து பாருங்கள் என்று விட்டார்கள். அப்போது பீட்சன், பாரமட்டாவின் இரண்டாம் நிலை அணியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறுகிற வயது. அவரைக் கூப்பிட்டுக் கேப்டன் ஆக்கினார் மெக்காலிஃப். முதல்முறையாக, 35 வயதில், குயின்ஸ்லாந்தின் மெரூன் சட்டை.

பிறகு நடந்ததுதான் அந்தக் குத்து.

என் கணிப்பில், சிட்னிக்காரர்களின் சந்தேகத்துக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இருந்திருக்க முடியாது. இது காட்சிப் போட்டி இல்லை என்று அந்த நொடியில் இரண்டு அணிக்கும் புரிந்துபோனது. அடி பலமாக விழுந்ததா என்பதே சர்ச்சை. லேசாக உரசியதுதான் என்பவர்களும் உண்டு. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் பின்னாளில் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை.

குயின்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. அன்று 20-வது பிறந்தநாள் கொண்டாடிய மால் மெனிங்கா என்ற இளைஞர், உதைத்த 7 கோலையும் உள்ளே அனுப்பினார். 20 புள்ளிகளில் 14 அவருடையது.

1981-ல் மறுபடியும் ஒரே ஒரு ஆட்டம். 1982 முதல் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' என்ற பெயரில் வருடத்துக்கு மூன்று ஆட்டங்கள். 1981 முதல் 1984 வரை குயின்ஸ்லாந்து கோச் யார்? பீட்சன். நான்கு வருடமும் ஜெயித்தார்கள். இன்றைக்கு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று, சிட்னி சிரித்த அந்தப் பரிசோதனை.

2003-ல் ரக்பி லீக்கின் 'அமரர்கள்' பட்டியலில் ஏழாவது ஆளாக பீட்சனைச் சேர்த்தார்கள். 'அமரர்' என்றதும் பதற வேண்டாம், உயிரோடு இருப்பவர்களுக்கும் கொடுக்கிற பட்டம்தான். 2011 டிசம்பர் 1. கோல்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் சரிந்தார். வயது 66. லாங் பார்க் வாசலில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது.

வீரராக அவர் ஆடிய ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம், அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆட்டம் ஒன்றுதான்.