சுவரில் நிலைத்த ஓவியம்



1929ஆம் ஆண்டில் சிலி நாட்டின் கொன்சலாக இலங்கைக்கு வந்த கவிஞர் பாப்லோ நெரூடா, நமது வெள்ளவத்தைக் கடலோரத்திற் குடியிருந்தார். மறு ஆண்டில் அவர், முப்பது வயதை எட்டாத ஓர் ஓவியரைப் பெரிதும் பாராட்டி எழுதினார். அவ்வோவியரே ஜோர்ஜ் கீற்.

1901இல் கண்டியிற் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்த கீற், திருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். உருவங்களைத் துண்டுபடுத்தி அமைக்கும் பிக்காசோவின் முறையை அவர் அறிந்திருந்தார். எனினும் அதன் நிழலாகிவிடவில்லை. கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அவர், கண்ணனையும் இராதையையும் தம் கோடுகளில் மீண்டும் வாழவைத்தார். 1943இல் கொழும்பில் லயனல் வென்ட் முதலியோருடன் சேர்ந்து '43 குழு'வை நிறுவினார். கனகசபை என்னும் தமிழரும் அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவர்.

கீற் 1993இல் மறைந்தார். அவர் வரைந்த படங்கள் பல செல்வர் இல்லங்களுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டன. ஆனால், 1939, 1940ஆம் ஆண்டுகளிற் பொரளை கோதமி விகாரையில் அவர் தீட்டிய புத்தர் வரலாறு சுவரோடு ஒன்றியது; அதனை விலைகொடுத்து எடுத்துச் செல்ல எவராலும் இயலாது. காண வருவோர் அனைவர்க்கும் அது பொதுச்சொத்து.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பொரளை நெடுந்தூரமன்று. கடல் கடந்து வந்தவர் கண்டு மதித்த கலைஞரை, அயலில் வாழும் நாம் காணாதிருத்தல் தகுமோ?