பதினான்கு கிரிஸ்டலும் ஒரு மடித்த தாளும்

ஐம்பது வருடப் பழைய ரேடியோ ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? நம்மில் பலர் ஸ்க்ரூடிரைவரைத்தான் தேடுவோம். பழைய சிபி ரேடியோ என்றால் முதலில் தேட வேண்டியது ஒரு தாளை. அதன் மின்சுற்று வரைபடத்தை, அதாவது ஸ்கிமாட்டிக்கை.

சிபி என்றால் சிட்டிசன்ஸ் பேண்ட். அமெரிக்க அரசு 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 சேனல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வேக வரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி டிரைவர்கள் சிபியில் சொல்லிக்கொண்டே போனார்கள். பிறகு நாடே அந்தப் பைத்தியத்தில் விழுந்தது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் அதில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'ஃபர்ஸ்ட் மாமா'. நம் மாமா இல்லை, அங்கே மாமா என்றால் அம்மா!

இத்தனை ரேடியோக்களை யார் ரிப்பேர் செய்வது? பல கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே வரைபடத்தை மடித்து வைத்துக் கொடுத்தன. வாங்கியவர் ஒருநாள் திறந்து பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைய போனோடு அப்படி ஒரு தாள் வருகிறதா, பாருங்கள். இண்டியானாபொலிஸ் நகரில் ஹோவர்டு சாம்ஸ் என்பவர் 1946-இல் தொடங்கிய நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. கடையில் விற்கும் ரேடியோக்களைப் பிரித்து, படம் பிடித்து, ஒரே மாதிரியான குறியீடுகளில் வரைபடம் வரைந்து, 'ஃபோட்டோஃபேக்ட்' என்ற பெயரில் மெக்கானிக்குகளுக்கு விற்றது. சிபிக்கென்றே தனி வரிசையும் வந்தது.

அந்தத் தாள் என்ன சொல்லும்? எனக்குப் பிடித்த உதாரணம் இது. 23 சேனல்களுக்கு அனுப்பவும் கேட்கவும் தனித்தனி கிரிஸ்டல் வைத்தால் 46 வேண்டும். கிரிஸ்டல் மலிவான பொருள் இல்லை. அதனால் பல செட்டுகளில் 14 மட்டுமே இருந்தன: ஆறு பொதுவானவை, நான்கு அனுப்ப, நான்கு கேட்க. இரண்டிரண்டாகக் கலந்து எல்லாச் சேனல்களையும் உண்டாக்கினார்கள். இப்போது உங்கள் செட்டில் 5, 6, 7, 8 மட்டும் ஊமையாக இருந்தால், அந்த ஆறில் ஒன்று போய்விட்டது. 1, 5, 9, 13, 17, 21-இல் மட்டும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பேசினால் போகிறது என்றால், கேட்கும் நான்கில் ஒன்று. மூடியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வரைபடம் காட்டும்.

1977 ஜனவரி 1 முதல் 40 சேனல்கள் வந்தன. கிரிஸ்டல் கூட்டத்தின் இடத்தைப் பிஎல்எல் என்ற சில்லு பிடித்தது. 23 சேனல் செட்டுகளை யார் வாங்குவார்கள்? விலை சரிந்தது. ஹை-கெயின் போன்ற பெரிய கம்பெனியே திவாலானது. கம்பெனி போனால் சர்வீஸும் போயிற்று. மிஞ்சியது தாள்தான். யாராவது அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அந்த ரேடியோ பிழைக்கும்.

உங்கள் மாடலின் வரைபடம் கிடைக்கவில்லையா? சர்க்யூட் போர்டில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஜப்பானிய யூனிடன் போன்றவர்கள் ஒரே போர்டைப் பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுத்தார்கள். பெயர்ப்பலகைதான் வேறு. அண்ணன் செட்டின் வரைபடம் தம்பிக்கும் உதவும்.

கிடைத்ததும் மீட்டரை எடுத்து, தாளில் குறித்த வோல்டேஜ் ஒவ்வொரு இடத்திலும் வருகிறதா என்று பாருங்கள். காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் பழைய செட்டில் வழக்கமான குற்றவாளிகள். ஒன்று மட்டும்: ஆண்டெனாவோ 50 ஓம் டம்மி லோடோ மாட்டாமல் பேசும் பட்டனை அமுக்காதீர்கள். கடைசி டிரான்சிஸ்டர் எரிந்துவிடலாம். அதே டிரான்சிஸ்டரை இன்று தேடிப் பிடிப்பது, தாளைத் தேடுவதைவிடக் கஷ்டம்.