நியூயார்க் வாடகைக் கார் உரிம வில்லையின் வரலாறு

நியூயார்க் நகரின் மஞ்சள் நிற வாடகைக் கார்களின் முன்மூடியில் ஓர் உலோக வில்லை பதிக்கப்பட்டிருக்கும். அதில் அந்தக் காரின் உரிம எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதனை அங்கு ‘மெடாலியன்’ என்பர். நம் நாட்டில் அரசு அலுவலகச் சேவகர்கள் மார்பில் அணிந்த டவாலி வில்லை அவர்களுடைய பதவியைக் காட்டியது போல, இந்த வில்லை ஒரு கார் தெருவில் பயணிகளை ஏற்றும் உரிமை பெற்றது என்பதைக் காட்டுகிறது. 1937-ல் 10 டாலர் கட்டணத்துக்குக் கிடைத்த இவ்வுரிமம் 2014-ல் 10 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. பிறகு சில ஆண்டுகளிலேயே அதன் விலை சரிந்து, ஆயிரக்கணக்கான ஓட்டுநர் குடும்பங்கள் கடனில் மூழ்கின.

தோற்றம்

1907-ல் ஹாரி ஆலன் என்பவர் பிரான்சிலிருந்து மீட்டர் பொருத்திய கார்களை வரவழைத்து நியூயார்க்கில் வாடகைக்கு ஓட்டினார். குறுகிய தூரத்துக்குக் குதிரை வண்டிக்காரர் ஒருவர் தம்மிடம் 5 டாலர் கேட்டதால் எழுந்த கோபமே இதற்குக் காரணம் என்று கூறப்படுகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் கார்கள் பெருகின. 1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் பலர் கார் ஓட்ட வந்தனர். பயணிகள் குறைந்து, வண்டிகள் கூடின. கட்டணப் போட்டியில் ஓட்டுநர்கள் நாள் முழுவதும் உழைத்தும் வயிற்றுக்குப் போதிய வருவாய் இல்லை. 1934-ல் நடந்த வேலைநிறுத்தம் வன்முறையில் முடிந்தது.

இந்தப் பின்னணியில்தான் மேயர் லகார்டியா காலத்தில் 1937-ல் ஹாஸ் சட்டம் வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கு மட்டும் உரிமம் தந்து, புதிய உரிமங்களை அது நிறுத்தியது. ஓட்டுநரின் பிழைப்பைக் காப்பதே நோக்கம். சட்டத்தில் இன்னோர் அம்சமும் இருந்தது. உரிமத்தை வைத்திருப்பவர் அதைப் பிறருக்கு விற்கலாம். பின்னாளில் விளைந்த துன்பம் அத்தனைக்கும் வித்து இதுவே எனலாம். எண்ணிக்கைக்கு வரம்பு விதித்ததோடு நின்றிருந்தால் அது ஓர் ஒழுங்குமுறை. விற்கவும் அனுமதித்ததால் உரிமம் சொத்தாகிவிட்டது. 13,595 உரிமங்களில் சில இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. எஞ்சிய 11,787 என்ற எண்ணிக்கை 1996 வரை ஏறக்குறைய மாறவே இல்லை. நகரம் வளர்ந்தது, உரிமம் வளரவில்லை. எனவே விலை ஏறியது.

சம்பளத்திலிருந்து நாள் வாடகைக்கு

1971-ல் டாக்சி மற்றும் லிமோசின் ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டணம், உரிமம், ஓட்டுநர் தகுதி எல்லாம் இதன் பொறுப்பு. அதுவரை பெரிய நிறுவனங்களின் ஓட்டுநர்கள் மீட்டர் வசூலில் ஒரு பங்கைப் பெற்றுவந்தனர். வசூல் குறைந்தால் முதலாளிக்கும் நட்டம். 1979-ல் குத்தகை முறை அனுமதிக்கப்பட்டது. ஓட்டுநர் வேலை நேரத்துக்கு முன்பே வாடகை கட்டி, எரிபொருளும் போட்டு, மிஞ்சியதை எடுத்துக்கொள்ள வேண்டும். பயணிகள் வராத நாளின் சுமை முழுவதும் ஓட்டுநர் தலையில் விழுந்தது. இக்காலத்திலிருந்து இத்தொழிலுக்கு வந்தவர்களில் வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் மிகுதி. 1998-ல் நிறுவப்பட்ட நியூயார்க் டாக்சி தொழிலாளர் கூட்டணியின் தலைவர் பைரவி தேசாய் குஜராத்தில் பிறந்தவர்.

நாள் வாடகையிலிருந்து தப்ப ஒரே வழி சொந்த வில்லை வாங்குவது. நகர நிர்வாகமே ஏலம் நடத்திப் புதிய வில்லைகளை விற்றது. பங்குச் சந்தையைவிட நல்ல முதலீடு என்ற பாணியில் விளம்பரமும் செய்தது. 2002-ல் சுமார் 2 லட்சம் டாலராக இருந்த விலை 2014-ல் ஐந்து மடங்கானது. கார் ஓட்டிக் கிடைக்கும் வருவாய் அப்படி ஏறவில்லை. கடன் தருவோர் முன்பணம் பெரிதாகக் கேட்காமல், வட்டி மட்டும் கட்டினால் போதும் என்ற முறையில் கடன் கொடுத்ததே விலையை ஏற்றியது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் பிரையன் ரோசந்தால் 2019-ல் இதை விரிவாக வெளிக்கொண்டு வந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். விதிகளை இயற்றி ஒழுங்குபடுத்த வேண்டிய நகரமே விற்பனையாளராகவும் இருந்தது என்பதை இங்கு மறந்துவிடக் கூடாது.

செயலி வந்த பின்

2011-ல் ஊபர் நியூயார்க்கில் தொடங்கியது. சட்டப்படி, தெருவில் கைகாட்டும் பயணியை ஏற்றும் உரிமை மஞ்சள் கார்களுக்கு இருந்தது. முன்கூட்டியே அழைக்கப்படும் கார்கள் வேறு வகை. அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. தெருவோரம் நின்று கைபேசியில் அழைப்பது கைகாட்டுவதா, முன்பதிவா? அது முன்பதிவே என்று குயின்ஸ் பகுதி நீதிமன்றம் 2015-ல் கூறியது. கடன் கொடுத்த நிறுவனங்கள் தொடுத்த வழக்கு அது. அவற்றுள் ஒன்றான மெல்ரோஸ் கடன் சங்கம் 2018-ல் மூடப்பட்டது.

2015-லேயே மேயர் டி பிளாசியோ செயலிக் கார்களுக்கு வரம்பு கொண்டுவர முயன்றார். ஊபர் தன் செயலியில் அவர் பெயரிலேயே ஒரு பொத்தான் வைத்து, வரம்பு வந்தால் கார் கிடைக்க நெடுநேரம் ஆகும் என்று பயணிகளிடம் பிரசாரம் செய்தது. மேயர் பின்வாங்கினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் செயலிக் கார்கள் பல மடங்கு பெருகி, மஞ்சள் கார்களைப் போல் பல பங்காயின. வில்லை 2 லட்சம் டாலருக்கும் கீழே இறங்கியது. கடனோ அப்படியே நின்றது. 2018-ல் ஓட்டுநர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் ஒருவர் நகர மன்றக் கட்டடத்தின் முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நகர மன்றம் சக்கர நாற்காலி வசதியுள்ள கார்கள் நீங்கலாகப் புதிய செயலிக் கார் உரிமங்களை நிறுத்தியது. 1937-ல் செய்ததே 81 ஆண்டுகள் கழித்து மறுபடி நடந்தது. உடன் வந்த குறைந்தபட்ச ஊதிய விதிதான் புதுமை. செலவு போக மணிக்கு 17.22 டாலர் ஓட்டுநருக்குக் கிடைக்கும்படி ஒவ்வொரு பயணத்துக்கும் தொகை கணக்கிடப்பட்டது. கார்கள் சும்மா நிற்கும் நேரம் கூடினால் நிறுவனம் தர வேண்டிய தொகையும் கூடும். நிறுவனங்கள் இதற்கும் ஒரு வழி கண்டன. பயணிகள் குறைவான நேரத்தில் ஓட்டுநர்கள் செயலிக்குள் நுழைய முடியாதபடி தடுத்தன.

கடன் தீர்வு

பழைய வில்லைக் கடன் மட்டும் தீராமல் இருந்தது. 2021 செப்டம்பரில் ஓட்டுநர்கள் நகர மன்றத்தின் முன் முகாமிட்டனர். அக்டோபர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினர். மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சோரான் மம்தானியும் அதில் சேர்ந்தார். நவம்பர் 3 அன்று உடன்பாடு எட்டப்பட்டது. பலருடைய கடன் 5 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அது 1,70,000 டாலராகக் குறைக்கப்பட்டு, நகரம் அதற்குப் பொறுப்பேற்றது. மாதத் தவணை 1,122 டாலருக்கு மேல் போகாது என்று அறிவிக்கப்பட்டது. கடன் கொடுத்தவர்கள் இதற்கு இணங்கியதற்கு நகரத்தின் பொறுப்புறுதியே காரணம். ஓட்டுநர் தவறினாலும் அவர்களுக்குப் பணம் வந்துசேரும்.

2018-ல் விதித்த வரம்பும் தன் வேலையைக் காட்டத் தொடங்கியுள்ளது. செயலிக் கார் உரிமத் தட்டு கிடைக்காத ஓட்டுநர்கள், அதை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் வார வாடகைக்குக் கார் எடுக்கின்றனர். 2023 அக்டோபரில் மின்சாரக் கார்களுக்கு மட்டும் உரிமம் திறந்துவிடப்பட்டபோது சில வாரங்களில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. கார்கள் மிகுந்தால் வருவாய் குறையும் என்று ஓட்டுநர் கூட்டணி வழக்குத் தொடுக்க, நீதிமன்றம் நவம்பரில் அதை நிறுத்திவைத்தது. விண்ணப்பித்தவர்களும் ஓட்டுநர்களே.