ரெண்டே வாரம்

அம்பத்தூரில் மழைத்தண்ணியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கிவந்தபோது, "ரெண்டே வாரம்தாம்மா" என்றேன். இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

சென்னைக்கு இது பழைய கதை. 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம், தி.நகர் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். புளூ கிராஸ் ஆஃப் இந்தியா அப்படித்தான் தொடங்கியது. அதே ஊரில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. காலியான தெருவுக்கு வேறு நாய்கள் வந்தன. கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964 முதல் புளூ கிராஸ் சொல்லிவந்தது. மாநகராட்சி சம்மதித்தது 1996இல். 32 வருஷம்! வெறிநாய்த் தடுப்பூசியும் சேர்ந்து, 2001இல் அதுவே மத்திய அரசின் விதியானது.

வளர்ந்த நாய்க்குத் தெரு தெரியும். தாயில்லாத குட்டிக்கு வீடுதான் வேண்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசிகள் எல்லாம் போட்டாச்சு. கழுத்துப்பட்டை பழகிவிட்டான், குக்கர் விசிலுக்கு இப்போது கட்டிலடியில் ஓடுவதில்லை. யோசித்தால், நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என்னைவிட்டுப் போவதற்கான பாடம்.

நாளைக்கு ஆவடியிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பிரிவது கஷ்டமாகிவிடும் என்று நான் பெயரே வைக்கவில்லை. அம்மா எப்போதோ வைத்துவிட்டாள்.