சானடோரியம், மீன் எண்ணெய், சித்தியின் கேள்வி

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல தினமும் இறங்கி ஏறுறவங்கள்ல எத்தனை பேர் அந்தப் பேரைப் பத்தி யோசிச்சிருப்போம்? 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஆரம்பித்த மருத்துவமனைதான் அந்த சானடோரியம். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்போ காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காத்து, ஓய்வு, பால், முட்டை... இவ்வளவுதான் வைத்தியம்.

இதை ஏன் சொல்றேன்னா, சாப்பாடு நோயைத் தீர்க்குமாங்கிற கேள்வி எங்க வீட்டுக்கே வந்துச்சு.

சித்தி குரோம்பேட்டையில் இருக்காங்க. அவங்க பையனுக்கு 22 வயசுல மனச்சிதைவு நோய். மாத்திரையில் தேறினான். ஆனா கை நடுங்கும், உடம்பு ஊதிப்போச்சு, பகல் முழுக்கத் தூக்கம். டாக்டர்கிட்ட இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் கூட கிடைக்கலைன்னு சித்திக்கு ஆதங்கம். அந்த நேரம் பார்த்து யாரோ, "மூளைக்கு மீன் எண்ணெய் போதும், இந்த மாத்திரையெல்லாம் விஷம்"னு சொல்லியிருக்காங்க. சுத்த சைவக் குடும்பம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு கேப்ஸ்யூலை முழுங்க வெச்சாங்க. மாத்திரையை நிறுத்திட்டாங்க. மூணாவது மாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு போன். பல்லாவரம் ஸ்டேஷன் நடைமேடையில், சட்டையில்லாம, யார்கிட்டயோ பேசிக்கிட்டே உக்காந்திருந்தான்.

"ஆராய்ச்சியெல்லாம் பண்ணியிருக்காங்கன்னு சொன்னாங்களேப்பா... எல்லாம் பொய்யா?" சித்தி கேட்டதுக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. அப்புறம் தேடிப் படிச்சேன்.

முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கலே!

மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. நரம்பு செல்லின் சவ்வே கொழுப்பு அமிலங்களால் ஆனது. மனச்சிதைவு நோயின் வேர் அந்தச் சவ்வில்தான் இருக்குன்னு வாதாடினவர் டேவிட் ஹாரோபின் (2003-ல் மறைந்தார்). அந்த வழியில் மால்கம் பீட் என்ற ஆங்கிலேய மருத்துவரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஒரு சோதனை நம்ம நாட்டில், பரோடாவில் நடந்தது. மீன் எண்ணெயில் இருக்கும் ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் ஒரு குழுவுக்கு, வெறும் போலி மாத்திரை இன்னொரு குழுவுக்கு. தேவைப்பட்டால் வழக்கமான மருந்தும் தரலாம். முடிவு 2001-ல் வந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 12 பேருக்கும் கடைசியில் மருந்து தேவைப்பட்டது. ஈ.பி.ஏ. சாப்பிட்ட 14 பேரில் 8 பேருக்குத்தான்.

சித்திக்குச் சொன்னவர் இதுவரைக்கும்தான் படிச்சிருப்பார் போல. ஆனா 14-ல் 8 பேருக்கு மருந்து வேண்டியிருந்ததே, அதை யாரும் சொல்றதில்லை. மொத்தமே 26 பேர்தான் என்பதையும்.

அதே 2001-ல் அமெரிக்காவில் வந்த ஃபென்டனின் ஆய்வில் பலன் தெரியலை. 2010-ல் வியன்னாவில், நோய் வரும் அபாயத்தில் இருந்த 81 இளைஞர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு வருஷத்தில் நோய் வந்தது 41-ல் 2 பேருக்கு. போலி மாத்திரைக் குழுவில் 40-ல் 11 பேருக்கு. எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க. அதையே பல நாடுகளில் 304 பேரிடம் செய்து 2017-ல் வெளியிட்டப்போ, ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை.

இப்போ திரும்ப சென்னைக்கு வருவோம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினாங்க. மருந்து வந்துவிட்ட காலம். 193 நோயாளிகளில் பாதிப்பேர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு. மீதிப்பேர் நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு. ரெண்டு பக்கமும் அதே மருந்து. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே பலன். 1959-ல் வந்த இந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலத்தையே முடித்து வைத்தது.

அப்போ சாப்பாடு வீணா? அதுவும் இல்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. வீட்டில் மத்தவங்களுக்கு நோய் தொத்துறது சுமார் 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. நோயாளிக்கு மருந்து மருந்தாகவே தொடர்ந்தது. சாப்பாடு அது கூடவே போச்சு.

சித்திகிட்ட இதைத்தான் சொன்னேன். வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பொறுமையாக் கேட்டார், மாத்திரையை மாத்தினார். நடுக்கம் நின்னுடுச்சு. யோசிச்சா, சித்தி மீன் எண்ணெயைத் தேடிப் போனதுக்குக் காரணம் அறியாமை இல்லைங்க. பக்கவிளைவைக் காது கொடுத்துக் கேக்க ஆள் இல்லாததுதான்.

கேப்ஸ்யூல் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கு. "அதுவும் இருக்கட்டுமேடா"ங்கறாங்க. இருக்கட்டும். மாத்திரை டப்பா அதுக்கு முன்னாடி இருக்கான்னு மட்டும் ஒவ்வொரு தடவை போறப்பவும் பாத்துக்கறேன்.