இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம்

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில், வைகைக் கரையை ஒட்டி இருக்கிறது இடைக்காட்டூர். சித்தர் இடைக்காடரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஊர். சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் திரு இருதய ஆண்டவர் ஆலயம் 1894இல் எழுந்தது. கட்டியவர் பிரெஞ்சு சேசு சபைக் குரு ஃபெர்டினாண்ட் செல். பிரான்ஸிலிருந்து வந்த நன்கொடை அதற்கு உதவியது.

இந்தப் பகுதிக்குச் சேசு சபையார் புதியவர்கள் அல்லர். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தார். அருளானந்தர் 1693இல் ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1773இல் சபையே கலைக்கப்பட்டது. 1814இல் உயிர்பெற்றபின் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனை மறுபடி தொடங்கினார்கள். செல் அந்த வரிசையில் வந்தவர்.

ஆலயத்துக்கு மாதிரி, வெஸ்ல் ஆற்றங்கரை நகரமான ரீம்ஸின் பேராலயம். 1211இல் தொடங்கப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடினார்கள். 1429இல் ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது ஜோன் ஆஃப் ஆர்க் உடனிருந்தார். கூர்நுனி வளைவுகளும் விலா எலும்புபோல் ஓடும் கூரை வரிகளும் பாரத்தைத் தூண்களில் இறக்குவதால், சுவரில் பெரிய சன்னல்களுக்கு இடம் கிடைக்கிறது. இதுவே கோத்திக் முறையின் அடிப்படை.

ரீம்ஸ் கல்லால் ஆனது. இடைக்காட்டூரிலோ அந்த வடிவம் செங்கல்லுக்கு மாறியது. கல்லில் உளி செய்யும் வேலையை இங்கே அச்சு செய்தது. தூணின் வளைவுக்கு ஒரு செங்கல், வளைவின் விளிம்புக்கு வேறொன்று என நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அச்சில் வார்த்துச் சுட்டு அடுக்கினார்கள். இந்த ஆலயத்தின் உண்மையான சாதனை இதுதான். அளவில் ரீம்ஸைவிட மிகச் சிறியது என்பது அதைக் குறைத்துவிடாது. மண்ணை வடிப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய கைவேலை. பானைக்கும் கடத்துக்கும் பேர்போன மானாமதுரை பக்கத்திலேயே இருக்கிறது.

அதே காலத்தில் மாவட்டத்தின் வடக்கே, மானகிரி, காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு நகரத்தார் வீடுகள் உயர்ந்துகொண்டிருந்தன. அங்கே கடல்கடந்து வந்தவை பொருள்கள். இடைக்காட்டூருக்குக் கடல்கடந்து வந்தது முதன்மையாக வடிவம். சுரூபங்கள் மட்டும் பிரான்ஸிலிருந்தே வந்தவை.

முதல் உலகப் போரில், 1914இல், ஜெர்மானியப் பீரங்கிகள் ரீம்ஸ் பேராலயத்தைச் சிதைத்தன. பழுதுபார்த்து 1938இல்தான் அதை மறுபடி திறக்க முடிந்தது. இடைக்காட்டூர் ஆலயம் ஆயரின் பீடம் உள்ள பேராலயம் அல்ல, திருத்தலம். மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து 1987இல் பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்தின்கீழ் அங்கே இன்றும் வழிபாடு நடந்துவருகிறது.